வாழும் இடமும் உழைக்கும் இடமும்: பார்சிலோனா நகரில் தொலைப்பணியாளர் வாழ்வும் மொழிச் சிக்கலும்

1. முன்னுரை

புலம்பெயர்வு பற்றிய ஆய்வுகள் பெரும்பாலும் ஓர் அடிப்படை எண்ணத்தின்மீது எழுந்தவை. மனிதர் பிழைப்பைத் தேடி இடம் பெயர்கின்றனர்; பெயர்ந்த இடத்தில் உழைக்கின்றனர்; அவ்வுழைப்பின் வழியாகவே அவ்விடத்து மக்களோடும் மொழியோடும் உறவு கொள்கின்றனர் என்பதே அவ்வெண்ணம். மலாயாவின் இரப்பர்த் தோட்டங்களுக்கு வந்த தமிழரைப் பற்றியும் வளைகுடா நாடுகளுக்குச் சென்ற தென்னிந்தியரைப் பற்றியும் எழுதப்பட்டவற்றில் பெரும்பாலானவை இவ்வெண்ணத்தைத் தழுவியே அமைந்துள்ளன.

கடந்த சில ஆண்டுகளில் இவ்வெண்ணத்திற்குள் அடங்காத ஒரு வகையினர் உருவாகியுள்ளனர். ஒரு நாட்டில் குடியிருந்துகொண்டு, இணையத்தின் வழி வேறொரு நாட்டு நிறுவனத்திற்குப் பணி செய்வோர் இவர்கள். இவர்களது பணியைத் ‘தொலைப்பணி’ என்றும், இவர்களைத் ‘தொலைப்பணியாளர்’ என்றும் இக்கட்டுரை குறிப்பிடுகிறது. இவர்கள் உடலால் ஒரு நகரில் இருக்கின்றனர். உழைப்பால் அந்நகரில் இல்லை. இந்தப் பிரிவு அவர்களுக்கும் அந்நகருக்கும் இடையிலான உறவை, குறிப்பாக மொழியுறவை, எவ்வாறு மாற்றுகிறது என்பதே இக்கட்டுரை ஆராயும் வினா ஆகும்.

ஸ்பெயின் நாட்டின் மத்தியதரைக் கடற்கரையில் அமைந்துள்ள பார்சிலோனா நகர் இங்கு எடுத்துக்காட்டாகக் கொள்ளப்படுகிறது. இத்தெரிவிற்கு மூன்று காரணங்கள் உள. முதலாவது, அது தொலைப்பணியாளர் பெரிதும் நாடும் பெரிய கடலோர நகர். இரண்டாவது, ஸ்பெயின் அரசு தொலைப்பணியாளர்க்கென்றே சட்டம் இயற்றியுள்ளது. மூன்றாவது, அந்நகரின் சொந்த மொழியாகிய காத்தலான், ஸ்பானியம் என்னும் பெருமொழியோடு ஒரே தெருவில் வாழும் மொழி. தமிழாசிரியர்கள் கருத்திற்கொள்ளத்தக்கது இம்மூன்றாவது காரணமே எனலாம்.

2. தொலைப்பணி: கருத்தும் வளர்ச்சியும்

தொலைப்பணி என்னும் கருத்து இணையத்தைவிடப் பழைமையானது. தென் கலிபோர்னியப் பல்கலைக்கழகத்தைச் சார்ந்த ஜாக் நில்ஸ் என்பவர் 1973-ஆம் ஆண்டில் இதற்கான ஆங்கிலச் சொல்லை உருவாக்கினார். தொழிலாளி வேலையிடத்திற்குப் பயணம் செய்வதற்கு மாறாக, தொலைத்தொடர்பின் வழி வேலை தொழிலாளியிடம் வருதல் வேண்டும் என்பதே அவர் கருத்து. லாஸ் ஏஞ்சலஸ் போன்ற நகர்களின் சாலை நெரிசலைக் குறைப்பது அதன் நோக்கம். வீட்டிற்கும் அலுவலகத்திற்கும் இடைப்பட்ட சில மைல் தூரமே அன்று சிக்கலாக இருந்தது. நாட்டெல்லையைக் கடப்பது பற்றி அப்போது பேச்சில்லை.

1997-இல் ஜப்பானியப் பொறியியலாளர் சுகியோ மக்கிமோட்டோவும் டேவிட் மேனர்ஸும் இணைந்து எழுதிய நூலொன்று, ‘மின்னிலக்க நாடோடி’ என்று பொருள்படும் தொடரைத் தன் தலைப்பாகக் கொண்டிருந்தது. எனினும், இக்கருத்து பெருந்திரளானோர் வாழ்வில் நடைமுறையானது 2020-ஆம் ஆண்டின் பெருந்தொற்றுக் காலத்திலேதான். அவ்வாண்டு மார்ச் 14-இல் ஸ்பெயினிலும், மார்ச் 18-இல் மலேசியாவிலும் நடமாட்டக் கட்டுப்பாடுகள் நடைமுறைக்கு வந்தன. அலுவலகம் இல்லாமலும் அலுவல் நடைபெறும் என்பதை நிறுவனங்கள் கண்டுகொண்டன. அவ்வாண்டிலேயே பார்படோஸ், எஸ்டோனியா ஆகிய நாடுகள் அயல்நாட்டுத் தொலைப்பணியாளர்க்கெனத் தனி விசாக்களை அறிமுகப்படுத்தின. பின்னர்ப் பல நாடுகள் அவ்வழியைப் பின்பற்றின.

3. நகரின் அமைப்பு

பார்சிலோனாவைப் புரிந்துகொள்ள அதன் நிலவமைப்பை முதலில் அறிதல் வேண்டும். தென்கிழக்கில் கடல், வடமேற்கில் கொல்சரோலா மலைத்தொடர், இரு பக்கங்களிலும் பெசோஸ், லியோப்ரகாத் என்னும் இரண்டு ஆறுகள். இந்நான்கிற்கும் இடைப்பட்ட ஏறத்தாழ 100 சதுர கிலோமீட்டர் நிலப்பரப்பில் சுமார் 17 இலட்சம் மக்கள் வாழ்கின்றனர். நகர் விரிவடைய இனி இடமில்லை. புதிதாக வருபவர் எவரும் ஏற்கெனவே உள்ள வீடுகளிலேதான் குடிபுக வேண்டும். வாடகைச் சிக்கலின் வேர் இவ்வமைப்பிலேயே உள்ளது.

இந்நகர் இதற்கு முன்னரும் நெருக்கடியால் திணறியதுண்டு. மதிற்சுவருக்குள் அடைபட்டிருந்த பழைய நகரில் நோயும் நெரிசலும் மிகுந்ததால், 1854 முதல் சுவர்கள் இடிக்கப்பட்டன. 1859-இல் ஏற்கப்பட்ட இல்டெஃபொன்ஸ் செர்தாவின் திட்டப்படி, மூலைகள் வெட்டப்பட்ட சதுரக் கட்டடத் தொகுதிகளைக் கொண்ட ‘எய்ஷாம்ப்ளா’ பகுதி எழுந்தது. கடலோரத்திலுள்ள போப்லநோவ் பகுதியோ பத்தொன்பதாம் நூற்றாண்டில் நெசவாலைகளால் நிறைந்து, காத்தலோனியாவின் மான்செஸ்டர் எனப் பெயர் பெற்றது. அந்நாளில் தொழிற்சாலைகளும் இருப்புப் பாதையும் நகரைக் கடலிலிருந்து பிரித்து வைத்திருந்தன. 1992-ஆம் ஆண்டு ஒலிம்பிக் விளையாட்டுகளை முன்னிட்டே அக்கடற்கரை மக்கள் உலாவும் மணற்பரப்பாக மாற்றப்பட்டது.

2000-ஆம் ஆண்டில் நகர மன்றம் போப்லநோவில் ‘22 அரோவா’ என்னும் திட்டத்தை ஏற்று, ஏறத்தாழ 200 ஹெக்டர் பழைய தொழிற்பகுதியை அறிவுசார் தொழில்களுக்கு ஒதுக்கியது. அதன் பயனாக, ஒரு காலத்தில் தறிகள் ஓடிய கட்டடங்கள் சிலவற்றில் இன்று மேசைகள் வாடகைக்கு விடப்படுகின்றன. நெசவாலைத் தொழிலாளி அதே தெருவில் குடியிருந்தார். அவர் நெய்த துணியும் அங்கேயே பிறந்தது. அதே கட்டடத்தில் இன்று மடிக்கணினியுடன் அமர்ந்திருப்பவரின் உழைப்பு நொடிப்பொழுதில் வேறொரு கண்டத்தைச் சென்றடைகிறது. கட்டடம் ஒன்றே, உழைப்பிற்கும் இடத்திற்கும் உள்ள உறவு வேறு.

4. சட்டம் காட்டும் தொலைப்பணியாளர்

ஸ்பெயின் நாடாளுமன்றம் 2022 டிசம்பரில் இயற்றிய 28/2022 எண் கொண்ட சட்டம், புதுத் தொழில் முனைவு நிறுவனங்களை ஊக்குவிப்பதற்கானது. ஐரோப்பிய ஒன்றியத்தைச் சாராத நாட்டினர் ஸ்பெயினில் தங்கித் தொலைப்பணி செய்வதற்கு அச்சட்டமே வழிவகுத்தது. தூதரகத்தின் வழி விண்ணப்பிப்போர்க்கு ஓராண்டு வரை விசா வழங்கப்படும். நாட்டிற்குள் இருந்து விண்ணப்பிப்போர்க்கு மூன்றாண்டு வரை தங்கும் உரிமை உண்டு.

இதற்குச் சில நிபந்தனைகள் உள. விண்ணப்பதாரர் பட்டம் பெற்றிருத்தல் வேண்டும் அல்லது மூன்றாண்டுத் தொழில் அனுபவம் உடையவராக இருத்தல் வேண்டும். அவர் பணியாற்றும் அயல்நாட்டு நிறுவனம் குறைந்தது ஓராண்டு இயங்கியிருக்க வேண்டும். அந்நிறுவனத்தோடு அவருக்கு மூன்று மாதத் தொடர்பேனும் இருத்தல் வேண்டும். வருமானம் ஸ்பெயினின் குறைந்தபட்சச் சம்பளத்தில் 200 விழுக்காடாக இருக்க வேண்டும். 2025-ஆம் ஆண்டின் குறைந்தபட்சச் சம்பளம் மாதம் 1,184 யூரோ என, ஆண்டிற்கு 14 தவணைகளாகக் கணக்கிடப்பட்டது. அதன்படி தொலைப்பணியாளர் மாதந்தோறும் ஏறத்தாழ 2,763 யூரோ ஈட்ட வேண்டியிருந்தது. அதாவது, உள்ளூரில் அடிமட்டச் சம்பளம் பெறுபவரைப்போல் இரு மடங்கு வருமானம் உள்ளவர்க்கே கதவு திறக்கிறது.

இவற்றினும் நோக்கத்தக்க மற்றொரு நிபந்தனை உண்டு. சொந்தமாகத் தொழில் புரியும் தொலைப்பணியாளர் ஸ்பெயின் நாட்டு நிறுவனங்களுக்கும் பணி செய்யலாம். ஆயின் அது அவரது மொத்தப் பணியில் 20 விழுக்காட்டைத் தாண்டலாகாது. உள்ளூர்த் தொழிலாளரின் வேலைவாய்ப்பைக் காப்பது இதன் நோக்கமாகக் கொள்ளத்தக்கது. அந்நோக்கில் குறை காண்பதற்கில்லை. எனினும் அதன் விளைவு என்ன? இங்கே வாழலாம், ஆனால் உழைப்பில் பெரும்பகுதி இங்கே இருத்தலாகாது என்று சட்டமே வரையறுக்கிறது. குடியேறியவர் உள்ளூர் உழைப்பில் கலத்தலையே பல நாடுகளின் குடிநுழைவுச் சட்டங்கள் எதிர்பார்த்திருக்க, இச்சட்டம் அதற்கு மாறானதைக் கேட்கிறது.

வரிவிதிப்பிலும் இத்தகைய தனிநிலை காணப்படுகிறது. ஓராண்டில் 183 நாள்களுக்கு மேல் தங்குபவர் ஸ்பெயினின் வரிக்குட்பட்டவர் ஆகிறார். ஆயினும், காற்பந்து வீரர் டேவிட் பெக்கமின் பெயரால் வழங்கும் சிறப்பு ஏற்பாட்டைத் தேர்ந்துகொள்ளும் ஊழியர், 6 இலட்சம் யூரோ வரையிலான சம்பள வருமானத்திற்கு 24 விழுக்காடு என்னும் ஒரே வீத வரியைச் செலுத்தலாம். வந்த ஆண்டும் அதனைத் தொடர்ந்த ஐந்து ஆண்டுகளும் இச்சலுகை உண்டு. 2022-ஆம் ஆண்டுச் சட்டம் இச்சலுகையைத் தொலைப்பணியாளர்க்கும் விரிவாக்கியது. அண்டை வீட்டில் வாழும் உள்ளூர்ப் பொறியியலாளர், அதே சம்பளத்திற்குப் படிநிலை வரி செலுத்துகிறார் என்பதையும் உடன் கருதுதல் வேண்டும்.

5. இரண்டு கடிகாரங்கள்

தொலைப்பணியாளரின் அன்றாட வாழ்வை நிருணயிப்பது நேர வேறுபாடாகும். இதில் ஒரு சுவையான ஒற்றுமை உண்டு. பார்சிலோனா அமைந்துள்ள தீர்க்கரேகைக்கு லண்டன் நேரமே பொருந்தும். ஆயினும் 1940-இல் பிராங்கோ ஆட்சி நாட்டின் கடிகாரத்தை ஒரு மணி நேரம் முன்னகர்த்தி, அன்றைய பெர்லின் நேரத்தோடு இணைத்தது. அது இன்றுவரை மாறவில்லை. தீபகற்ப மலேசியாவும் 1982-ஆம் ஆண்டின் தொடக்கத்தில் தன் கடிகாரத்தை அரைமணி நேரம் முன்னகர்த்தி, சபா, சரவாக் மாநிலங்களின் நேரத்தோடு ஒன்றுபட்டது. சிங்கப்பூரும் உடன் மாறியது. கடிகாரம் சூரியனை மட்டும் பின்பற்றுவதில்லை என்பதை இரு நாட்டினரும் அறிவர்.

இன்று பார்சிலோனாவிற்கும் கோலாலம்பூருக்கும் குளிர்காலத்தில் ஏழு மணி நேரமும், கோடையில் ஆறு மணி நேரமும் வேறுபாடு உள்ளது. கோலாலம்பூர் நிறுவனமொன்றின் அலுவல் நேரம் காலை 9 முதல் மாலை 5 வரை எனின், பார்சிலோனாவில் குளிர்காலத்தில் அது அதிகாலை 2 முதல் காலை 10 வரை ஆகும். சென்னை நிறுவனத்தின் காலை 9.30 அங்கே விடியல் 5 மணி. நியூயார்க் நிறுவனத்திற்குப் பணி செய்பவர்க்கோ பெரும்பாலான நாள்களில் அலுவல் பிற்பகல் 3 மணிக்குத் தொடங்கி இரவு 11-க்கு முடியும். லண்டன் நிறுவனத்தைச் சார்ந்தவர்க்கு மட்டுமே ஒரு மணி நேர வேறுபாடு.

இக்கணக்கு தூக்கத்தை மட்டும் பற்றியதன்று. பார்சிலோனாவில் மதிய உணவு 2 மணியளவிலும், இரவு உணவு 9 மணியளவிலும் உண்ணப்படும். வேலைக்குச் செல்வோர்க்கான மொழி வகுப்புகள், குடியிருப்போர் சங்கக் கூட்டங்கள், மனிதர் மேல் மனிதர் ஏறிக் கோபுரம் அமைக்கும் ‘காஸ்டெல்’ குழுக்களின் பயிற்சிகள் ஆகியன பெரும்பாலும் மாலையிலும் முன்னிரவிலும் நடைபெறுகின்றன. நியூயார்க் நேரத்தில் பணி செய்பவர் அவ்வேளையில் திரையின் முன் இருக்கிறார். கோலாலம்பூர் நேரத்தில் பணி செய்பவர் உறங்கச் செல்கிறார். இருவரும் நகரைக் காண்பது நண்பகலில். அப்போது நகர மக்கள் தத்தம் வேலையில் இருக்கின்றனர். ஒரே தெருவில் குடியிருப்போர் வெவ்வேறு நேரங்களில் வாழ்வராயின், அவர்களிடையே பேச்சு நிகழ வாய்ப்பேது? மொழி கற்பது ஆர்வத்தைப் பொறுத்தது என்று நாம் பொதுவாகக் கூறுகிறோம். அதற்கு முன்னர் நேரத்தையும் பொறுத்தது என்பதை இங்குக் காண்கிறோம்.

6. வாடகையும் எதிர்ப்பும்

அயல்நாட்டுச் சம்பளம் உள்ளூர் வீட்டுச் சந்தையில் நுழையும்போது வாடகை உயர்வது இயல்பு. பார்சிலோனாவின் வாடகை உயர்விற்குச் சுற்றுலா, முதலீட்டாளர், புதிய வீடுகளின் பற்றாக்குறை எனக் காரணங்கள் பல. தொலைப்பணியாளர் அவற்றுள் ஒருவரே. எனினும், கண்ணுக்கு எளிதில் தென்படுபவர் அவர்.

2023-ஆம் ஆண்டு ஸ்பெயினின் வீட்டுவசதிச் சட்டத்தின் அடிப்படையில், 2024 மார்ச் முதல் பார்சிலோனா உள்ளிட்ட 140 காத்தலோனிய நகராட்சிகளில் வாடகைக்கு உச்சவரம்பு விதிக்கப்பட்டது. அவ்வரம்பு நிலையான குடியிருப்பு வாடகைக்கே உரியதாக இருந்தது. ஆகவே வீட்டுரிமையாளர் பலர் 11 மாதம் வரையிலான ‘பருவ வாடகை’ ஒப்பந்தங்களுக்கு மாறினர். தற்காலிகமாக வருவோர்க்கென இருந்த அவ்வொப்பந்தம் தொலைப்பணியாளர்க்கு ஏற்றதாக இருந்தது. நிலையாக வாழ விரும்பிய உள்ளூர்க் குடும்பத்திற்கு அது வாசலை அடைத்தது. 2024 ஜூனில் நகர மேயர் ஜவுமே கொல்போனி, சுற்றுலாப் பயணிகளுக்கு விடப்படும் 10,101 வீடுகளின் உரிமங்கள் 2028 நவம்பருக்குப் பின் நீட்டிக்கப்படமாட்டா என அறிவித்தார். அடுத்த மாதமே நடைபெற்ற எதிர்ப்புப் பேரணியில் சிலர் உணவகங்களில் அமர்ந்திருந்த பயணிகள்மீது விளையாட்டுத் துப்பாக்கிகளால் நீர் பாய்ச்சிய செய்தி உலகெங்கும் பரவியது.

பருவ வாடகையில் பிறிதொரு சிக்கலும் உண்டு. ஸ்பெயினில் வாழும் எவரும் தாம் குடியிருக்கும் நகராட்சியின் குடியிருப்போர் பதிவேட்டில் பெயர் பதிதல் வேண்டும். மருத்துவ அட்டை, பள்ளிச் சேர்க்கை ஆகியவற்றிற்கு அப்பதிவே அடிப்படை. குறுங்கால வாடகைக்கு விடுவோர் சிலர் அப்பதிவிற்கு இசைவதில்லை. நகரின் பழைய பகுதியான ராவாலில் வாழும் பாகிஸ்தானிய, வங்காளதேசியத் தொழிலாளர் பதிவேட்டில் ஒருவரியேனும் இடம்பெற எவ்வளவு பாடுபடுகின்றனர் என்பதை அறிந்தவர்க்கு, அப்பதிவின்றியே சில மாதம் வாழ்ந்து செல்லக்கூடியவரின் நிலை வியப்பளிக்கும். இருவரும் அயல்நாட்டவரே. முன்னவர் ‘குடியேறி’ என்றும், பின்னவர் ‘மின்னிலக்க நாடோடி’ என்றும் அழைக்கப்படுகின்றனர். சொற்களிலேயே வகுப்பு வேறுபாடு பொதிந்துள்ளது.

7. காத்தலான் மொழியும் உழைப்பும்

காத்தலான், ஸ்பானியத்தின் கிளைமொழி அன்று. இலத்தீனிலிருந்து தனித்துக் கிளைத்த மொழி. காத்தலோனியா மட்டுமன்றி வாலென்சியா, பலேரிக் தீவுகள் ஆகியவற்றிலும் வழங்குகிறது. அந்தோரா நாட்டின் ஒரே ஆட்சிமொழியும் அதுவே. 1907-இல் நிறுவப்பட்ட காத்தலான் ஆய்வுக் கழகத்தின் துணையோடு, பொறியியலாளராகப் பயின்ற பொம்பேயு ஃபாப்ரா அதற்கு எழுத்துமுறை, இலக்கணம், அகராதி ஆகியவற்றை வகுத்தளித்தார். 1939 முதல் 1975 வரையிலான பிராங்கோ ஆட்சியில் அது பள்ளியினின்றும் அரசு அலுவல்களினின்றும் விலக்கப்பட்டது.

அதே பிராங்கோ ஆட்சிக் காலத்தில்தான் ஸ்பெயினின் தென்பகுதிகளிலிருந்து பத்து இலட்சத்திற்கும் மேற்பட்ட ஏழை மக்கள் காத்தலோனியாவின் ஆலைகளுக்கு வந்தனர். அவர்களது மொழி ஸ்பானியம். 1964-இல் ஃபிரான்செஸ்க் கண்டெல் அவர்களைப் பற்றி எழுதிய நூல், அவர்களை ‘மற்றக் காத்தலானியர்’ என்று அழைத்தது. காத்தலானியர் யார் என்னும் வினாவிற்கு அக்காலத்தில் உருவான விடை புகழ்பெற்றது: காத்தலோனியாவில் வாழ்ந்து, அங்கேயே உழைப்பவர் எவரும் காத்தலானியரே. 1980 முதல் 2003 வரை காத்தலோனிய அரசின் தலைவராக இருந்த ஜோர்டி புஜோல் இவ்விடையைப் பரப்பினார். பிறப்பையோ குருதியையோ கேளாமல், வாழ்வையும் உழைப்பையும் மட்டும் கேட்ட அவ்வரையறை ஒரு பெருந்தன்மையான வரையறை என்பதில் ஐயமில்லை.

அதன் பயனை ஒரு நிகழ்வு விளக்கும். பார்சிலோனாவை ஒட்டியுள்ள சாந்தா கொலோமா என்னும் தொழிலாளர் நகரில், ஸ்பானியம் பேசும் பெற்றோரே தம் பிள்ளைகளுக்குக் காத்தலான் வழிக் கல்வி வேண்டுமெனக் கோரினர். 1983-இல் அங்கு முழுமையான காத்தலான் வழி வகுப்பு தொடங்கப்பட்டது. தம் பிள்ளைகள் இந்நாட்டிலேயே வேலை செய்யப் போகின்றனர். ஆகவே அவர்களுக்கு இந்நாட்டு மொழி வேண்டும் என்பதே அப்பெற்றோரின் எண்ணம். மொழிப்பற்று மேடையில் பேசப்படும். மொழித்தேவை வேலையில் உணரப்படும். பின்னாளில் மொரோக்கோவில் பிறந்து காத்தலோனியாவில் வளர்ந்த நஜாத் எல் ஹச்மி, காத்தலானில் எழுதிய புதினத்திற்காக 2008-இல் ராமோன் யூல் பரிசைப் பெற்றதும் அவ்வரையறையின் நீட்சியே.

தொலைப்பணியாளர் இவ்வரையறையை இரண்டாகப் பிளக்கிறார். அவர் காத்தலோனியாவில் வாழ்கிறார், காத்தலோனியாவில் உழைப்பதில்லை. அவரது மேலாளர், உடன் ஊழியர், வாடிக்கையாளர் எவர்க்கும் காத்தலான் தெரியாது. தெரிய வேண்டியதும் இல்லை. அவர் அங்காடியில் ஸ்பானியச் சொற்கள் சிலவற்றைக் கற்கலாம். போப்லநோவின் காப்பிக் கடைகளிலோ ஆங்கிலமே போதும். புதியவர் வரவேற்பிற்கெனக் காத்தலோனியா 2010-இல் இயற்றிய சட்டம், மொழி, தொழிலுலகம், சமுதாயம் என மூன்று பாடப்பகுதிகளை வகுத்தது. வருபவர் அனைவரும் இங்கு வேலை தேடுவர் என்னும் எண்ணமே இரண்டாம் பகுதியின் அடிப்படை. அந்த எண்ணத்திற்குப் பொருந்தாத ஒருவர் வருவார் என்று அன்று எவரும் கருதவில்லை.

இக்கட்டுரையாளர் முனைவர்ப் பட்ட ஆய்விற்காக அயல்நாட்டு நகரொன்றில் வாழ்ந்த காலத்தில், அந்நாட்டு மொழி வகுப்பறையில் வந்ததைவிட, துறை அலுவலகத்திலும் நூலக மேசையிலும் தவறுகள் செய்து திருத்தப்பட்டதால் வந்ததே மிகுதி. திருத்துவதற்கு ஒருவர் அருகில் இருந்தார். அவர்க்கும் நமக்கும் பொதுவான ஒரு வேலை இருந்தது. அவ்வேலை இல்லாதிருந்தால் அம்மொழியும் வந்திராது.

2023-ஆம் ஆண்டின் மொழிப் பயன்பாட்டு ஆய்வின்படி, காத்தலோனியாவின் 15 வயதிற்கு மேற்பட்டோருள் காத்தலான் பேசத் தெரிந்தவர் ஏறத்தாழ 80 விழுக்காடு. அதனை வழக்க மொழியாகக் கொண்டோர் 32.6 விழுக்காடு மட்டுமே. 2003-இல் வழக்க மொழியாகக் கொண்டோர் 46 விழுக்காடாக இருந்தனர். இவ்வீழ்ச்சிக்குத் தொலைப்பணியாளரைக் காரணமாக்குதல் பொருந்தாது. 1987-இல் 60 இலட்சமாக இருந்த காத்தலோனிய மக்கள்தொகை 2023-இல் 80 இலட்சத்தை எட்டியது. வந்தோருள் பெருந்தொகையினர் இலத்தீன் அமெரிக்க நாடுகளிலிருந்தும் பிற நாடுகளிலிருந்தும் உள்ளூர் வேலைக்கு வந்தவர்கள். தொலைப்பணியாளர் தொகையால் சிறுபான்மையினர். எனினும், வேலையே மொழியைக் கற்பிக்கும் என்று நம்பியிருந்த ஒரு சமுதாயத்திற்கு, அந்நம்பிக்கையின் எல்லையை அவர்கள் சுட்டிக் காட்டுகின்றனர்.

8. தோட்ட வேலியும் திரை வேலியும்

மலேசியத் தமிழர் வரலாற்றோடு இதனை ஒப்பிடுதல் பயனுடையது. தோட்டத்தில் வீடு, வேலை, பள்ளி, கோயில் ஆகிய அனைத்தும் ஒரே வேலிக்குள் இருந்தன. 1923-ஆம் ஆண்டுத் தொழிலாளர் சட்டம் தோட்ட நிருவாகங்கள் பள்ளி அமைப்பதைக் கடமையாக்கியது. அவ்வேலி தொழிலாளியை வெளியுலகிலிருந்து பிரித்தது. அதே வேலி தமிழைக் காத்தது. பின்னாளில் தோட்டங்கள் துண்டாடப்பட்டும் வீடமைப்புப் பகுதிகளாக மாறியும் போனபோது, மக்கள் நகருக்குப் பெயர்ந்தனர். மொழி குடியிருந்த வீடும் இல்லாமற்போனது. இன்று 500-க்கும் மேற்பட்ட தமிழ்ப்பள்ளிகள் நிலைத்திருப்பது, அவ்வேலிக்கு மாற்றாக வேறு ஏற்பாடுகளைச் சமுதாயம் முயன்று உருவாக்கியதாலேயாகும்.

தொலைப்பணியாளர்க்கும் ஒரு வேலி உண்டு; அது திரையால் ஆனது. பார்சிலோனாவில் தங்கிச் சென்னை நிறுவனத்திற்கோ கோலாலம்பூர் நிறுவனத்திற்கோ பணி செய்யும் தமிழர், நாள் முழுவதும் தமிழிலும் ஆங்கிலத்திலும் உரையாடலாம். பிள்ளைகளை இயங்கலைத் தமிழ் வகுப்பில் சேர்க்கலாம். தாய்மொழிக்கு இதனினும் நல்ல காலம் இல்லை என்று நாம் மகிழலாம். ஆயின் தாய்மொழியை எங்கும் எடுத்துச் செல்லத் துணைபுரியும் அதே கருவி, காலடியில் வழங்கும் மொழியைக் காணாதிருக்கவும் துணைபுரிகிறது. அங்கே மறைக்கப்படுவது காத்தலான் என்பதால் நாம் அதனைப் பொருட்படுத்தாமல் விடலாகாது. நம் ஊருக்கு வருபவர் நம் மொழியைக் காணாதிருப்பதும் இதே முறையிலேயே நிகழும்.

அவ்வாறு வருவோர் தொலைவில் இல்லை. மலேசிய அரசு 2022-இல் தொலைப்பணியாளர்க்கென ‘டிஈ ரந்தாவ்’ அனுமதிச் சீட்டைத் தொடங்கியது. பினாங்கு அதன் தொடக்க மையங்களுள் ஒன்று. ஜார்ஜ்டவுனில் வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டம் 2000-ஆம் ஆண்டின் தொடக்கத்தோடு முடிவுக்கு வந்தபோது, தலைமுறைகளாகக் குடியிருந்தோர் பலர் வெளியேறினர் என்பதை நாம் அறிவோம். குடியிருப்போர் வெளியேறும்போது அவர்தம் பேச்சும் தெருவிலிருந்து வெளியேறுகிறது. பார்சிலோனாவின் பாடம் அத்தீவிற்கும் உரியது.

9. மொழி கற்பித்தலுக்கான பாடம்

பார்சிலோனா இதற்கு மேற்கொண்ட முயற்சிகளுள் ஒன்று தமிழாசிரியர் கவனத்திற்குரியது. அங்கு அரசு சார்ந்த மொழி நிறுவனம் தொடக்க நிலைக் காத்தலான் வகுப்புகளைக் கட்டணமின்றி நடத்துகிறது. அதனுடன், 2003 முதல் ‘மொழித் தன்னார்வலர்’ என்னும் திட்டமும் செயற்படுகிறது. காத்தலான் பேசும் ஒருவரும் கற்கும் ஒருவரும் இணையாக்கப்படுகின்றனர். வாரம் ஒரு மணி நேரம் என்ற அளவில் மொத்தம் பத்து மணி நேரம் அவர்கள் உரையாடுதல் வேண்டும். பாடநூல் இல்லை, தேர்வு இல்லை. கடைக்குச் செல்லலாம், நடக்கலாம், காப்பி அருந்தலாம். நேரத்தை இருவரே முடிவு செய்வதால், அதிகாலையில் பணி முடிப்பவரும் நண்பகலில் கலந்துகொள்ளலாம்.

இத்திட்டத்தின் சிறப்பு அதன் எளிமையில் உள்ளது. முன்னர் வேலையிடம் தானாக அளித்த ஒன்றை, அதாவது மொழியறிந்த ஒருவரோடு காரணத்துடன் கூடிப் பேசும் வாய்ப்பை, அது திட்டமிட்டு அளிக்கிறது. புதியவர் நம் மொழியைப் பேச முயலும்போது உடனே பெருமொழிக்கு மாறிவிடும் பழக்கத்தைத் தாய்மொழியாளரிடமிருந்து நீக்குவதும் அதன் நோக்கங்களுள் ஒன்று. இப்பழக்கம் காத்தலானியர்க்கு மட்டும் உரியதன்று. தமிழில் பேசத் தொடங்கும் சீன, மலாய் நண்பரிடம் நாம் எத்தனை முறை ஆங்கிலத்தில் விடையளித்துள்ளோம் என்பதை எண்ணிப் பார்க்கலாம்.

10. முடிவுரை

இதுகாறும் கூறியவற்றால் சில கருத்துகள் தெளிவாகின்றன. தொலைப்பணி என்பது தொழில்நுட்பம் சார்ந்த மாற்றம் மட்டுமன்று. வாழும் இடத்தையும் உழைக்கும் இடத்தையும் பிரிப்பதன் வழி, ஒருவர் ஓரிடத்தைச் சார்ந்தவராகும் வழியை அது மாற்றுகிறது. சட்டம், நேரம், வாடகை ஆகிய மூன்றும் அப்பிரிவை வலுப்படுத்துகின்றன. அதன் இழப்பை முதலில் உணர்வது, வேலையின் வழியே புதியவரை ஈர்த்துவந்த, பெருமொழியின் நிழலில் வாழும் மொழியாகும்.

தொலைப்பணியாளரைப் பழிப்பதால் இது தீராது. அவர்களுள் நம் மாணவரும் உளர், இனியும் இருப்பர். அவர்களிடம் நாம் எதிர்பார்க்கத்தக்கது, வாழும் ஊரின் மொழியில் அண்டை வீட்டாரோடு பேசும் அளவிற்கேனும் பயிற்சி பெறுதல். நாம் செய்யத்தக்கது, நம் ஊருக்கு வருபவர் தமிழைக் கேட்கவும் பேசவும் ஒரு மணி நேரத்தை ஒதுக்கி அழைத்தல். வேலை கற்பித்த மொழியை இனி உறவு கற்பிக்க வேண்டும். அவ்வுறவை முதலில் ஏற்படுத்த வேண்டிய கடமை, மொழியை உடையவர்க்கே உரியது.